என் படிப்புச் செலவு

என் மனைவியிடம் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் பால், மளிகை, கேபிள், சீட்டு. கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து திருப்பினால் தலைப்பு மாறிவிடும்: ‘அவர் படிப்புச் செலவு’. நான் பி.காம். முடித்தது 1986-ல். அந்தச் செலவு என் அப்பாவோடு போயிற்று. இது கல்யாணத்துக்குப் பிறகு படித்த படிப்பு.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஐந்தொகையில் ஐந்து ரூபாய் இடித்தால் எனக்கு ராத்திரிச் சோறு இறங்காது. முதலாளியின் பணம் ஒரு பைசா என் பேனாவைத் தாண்டிப் போனதில்லை. சொந்தப் பணம் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தப் பேனாவுக்கு மை வற்றிவிடும். நோட்டின் பின்பக்கத்தில் மொத்தம் ஐந்து வரவு செலவு. கூட்டுத்தொகை 1,59,950 ரூபாய்.

“இன்னொரு அம்பது ரூவா எங்கியாச்சும் குடுத்துட்டு வந்துருங்க. கூட்டறதுக்குச் சுலபமா இருக்கும்” என்று மனைவி ஒருமுறை சொன்னாள். நகைச்சுவை உணர்வு உள்ள பெண்ணைக் கட்டினால் இதுதான் தொல்லை.

என் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. “உங்கள் பணத்தைப் பத்தே மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறேன்” என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு யாராவது வந்திருந்தால், ஆளைக் கொல்லைப்புறம் வரைக்கும்கூட விட்டிருக்க மாட்டேன். அப்படி ஒருத்தரும் வரவில்லை. ஐந்து தடவையும் ஐந்து வேஷம். முதல் தடவை மரமாக வந்தது.

அது 1995. ஏஜெண்ட் ஒரு ஆல்பத்தோடு வந்தார். வரிசை வரிசையாகத் தேக்கங்கன்றுகள், நடுவில் குடை பிடித்து ஒரு மேலாளர். ஒரு மரம் ஆயிரம் ரூபாய். இருபது வருஷம் கழித்து வெட்டும்போது ஐம்பதாயிரம். “சார், இது முதலீடே இல்ல. இயற்கைக்கு நீங்க செய்யற தொண்டு” என்றார். தொண்டு செய்து இரண்டரை லட்சம் வருகிறது என்றால் எந்தக் குடும்பஸ்தன் மறுப்பான்? ஐந்து மரம் எடுத்தேன். அம்மா பெயரில் ஒன்று, அப்பா பெயரில் ஒன்று, மனைவிக்கு, தங்கைக்கு, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒவ்வொன்று. சான்றிதழைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். மூன்று வருஷம் சாம்பிராணிப் புகை மரத்துக்கும் சேர்த்துப் போனது. பிறகு நான் எழுதிய கடிதங்கள் ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வந்தன. இந்த மாதிரித் தோட்டத் திட்டங்களையெல்லாம் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தன் விதிகளுக்குள் கொண்டுவந்தது 1999-ல். அப்போது எனக்கு மரமும் இல்லை, மரத்துக்குக் குடை பிடித்த மேலாளரும் இல்லை.

சில வருஷம் கழித்து நிலம்பூருக்குச் சுற்றுலா போனோம். 1840களில் வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட தேக்கு அங்கே இன்னும் நிற்கிறது, அண்ணாந்து பார்த்தால் துண்டு கீழே விழும். தேக்கு அதன் அவசரத்தில்தான் வளரும். துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்த அவசரம் அதற்குத் தெரியாது. மனைவி ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். “இதுல நம்முளுது எதுங்க?” என்றாள்.

இரண்டாவது தடவை பக்தியாக வந்தது. ஒரு நிதி நிறுவனம். கம்பெனிக்குச் சாமி பெயர், மேலாளர் நெற்றியில் மூன்று கோடு விபூதி, உள்ளே போனால் ஊதுபத்தி வாசம். வங்கி வருஷத்துக்கு 12 சதவீதம் கொடுத்த காலத்தில் இவர்கள் மாதத்துக்கு மூன்று சதவீதம் கொடுத்தார்கள். போதாததற்கு டெபாசிட் போட்ட அன்றே ஒரு சுவர்க் கடிகாரம் இனாம். நாற்பதாயிரம் போட்டேன். ஐந்து மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் மணி அடித்தாற்போல வந்தது. ஆறாம் மாதம் மணி மட்டும் அடித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நிதி நிறுவனங்களில் பணம் போட்டவர்களைக் காப்பாற்ற ‘டான்பிட்’ சட்டம் வந்தது 1997-ல். நான் பணம் போட்டதும் அதே வருஷம்தான். அரசாங்கம் குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்த நேரத்தில் நான் மழையில் நனைய வசதியாகச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வட்டி போக நட்டம் 34,000 என்று நோட்டில் ஏறியது. கடிகாரம் இன்றைக்கும் கூடத்தில் ஓடுகிறது. ஈரோட்டிலேயே அதைவிட விலை கூடிய கடிகாரம் யார் வீட்டிலும் இருக்காது.

அதற்குப் பிறகு பதினாலு வருஷம் யோக்கியமாக இருந்தேன். புத்தி வந்துவிட்டது என்று நானும் நம்பினேன். அதற்குள் சேர்ந்தது ஒன்றரை லட்சம். புத்தி சேர்ந்ததா என்பது 2011-ல் தெரிந்தது. மூன்றாவது தடவை அது கோழியாக வந்தது.

கோழி என்று சொன்னால் உங்கள் மனசில் ஒரு உருவம் வரும். அதை அழித்துவிடுங்கள். ஈமு ஆளுயரம் நிற்கும் ஆஸ்திரேலியப் பறவை. பறக்காது. ஓடினால் மொபெட் பின்தங்கும். அந்தக் காலத்தில் பெருந்துறை வட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் ஈமுப் பண்ணைப் பலகை. டி.வி.யைப் போட்டால் சினிமா நடிகர்கள் ஈமுவோடு நின்று சிரித்தார்கள். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், மருத்துவர் எல்லாம் கம்பெனி பொறுப்பு. வளர்ப்புக் கூலி மாதம் ஆறாயிரம். ‘டெபாசிட்’ என்ற சொல்லே எங்கும் இல்லை. அது ‘ஒப்பந்தப் பண்ணையம்’. நான் முதலீட்டாளர் இல்லை, விவசாயி!

ஏஜெண்ட் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி காபித் தட்டோடு வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏனுங்க தம்பி, மஞ்சளுக்கு மண்டி இருக்குது. மாட்டுக்குக் கருங்கல்பாளையம் சந்தை இருக்குது. இதுக்கு எந்த ஊர்லீங்க சந்தை கூடுது?”

“அதெல்லாம் கம்பெனி பாத்துக்குமுங்க அக்கா. கறி, எண்ணெய், தோலு, எறகு, முட்டை ஓடு வரைக்கும் எக்ஸ்போர்ட்டுங்க.”

“நம்மூர்ல யாராச்சும் இந்தக் கறி தின்னு பாத்திருக்கீங்களா?”

ஏஜெண்ட் காபியைப் பாராட்டினார். நான் மனைவியைப் பார்த்து, “படிச்சவங்க பேசற எடத்துல...” என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருந்தால் அதுவும் நோட்டில் ஏறியிருக்கும்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் அப்பாவின் காட்டில், பழைய மாட்டுக் கொட்டகைக்குக் கம்பி வலை கட்டி ஆறு குஞ்சும் இறங்கின. குஞ்சாக இருந்தபோது உடம்பெல்லாம் கோடு கோடாக அழகாகத்தான் இருந்தன. வளர வளர எங்களை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்தன. பெண் ஈமு தொண்டைக்குள்ளிருந்து உறுமி அடிப்பது போல ஒரு சத்தம் எழுப்பும். முதல் தடவை ராத்திரியில் அதைக் கேட்டு அப்பா கருப்பராயன் கோவிலுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்தார். பளபளப்பாக எதைக் கண்டாலும் விழுங்கிவிடும். ஆணி, கோலிக்குண்டு, கடைசியில் என் மொபெட் சாவி. சாவி வெளியே வருவதற்காக இரண்டு நாள் ஒரு பறவையின் பின்னால் நான் நடந்ததை ஊரே பார்த்தது.

பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த மகள் எங்கேயோ தேடி எடுத்து ஒரு வரலாற்றைச் சொன்னாள். 1932-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமைக் காட்டை அழித்த ஈமுக்களை ஒழிக்க ராணுவமே இயந்திரத் துப்பாக்கியோடு கிளம்பிப் போனதாம். ஆயிரக்கணக்கில் குண்டு செலவானதுதான் மிச்சம். ஈமுக்கள் சிதறி ஓடிவிட, பட்டாளம் திரும்பிவிட்டதாம். “அப்பா, ஒரு ராணுவம் தோத்த எடத்துலீங்கப்பா நீங்க பண்ணை வெச்சிருக்கீங்க” என்றாள். நான் மாதம் ஆறாயிரம் வருவதைக் காட்டினேன்.

ஆமாம், வந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மாதம் தவறாமல் வந்தது. கைக்கு வந்த நோட்டு கள்ள நோட்டு இல்லை. நாலாம் மாதம் ஆறாயிரம் வந்ததும் நான் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரையிலேயே சிரிக்க முடியாத இடம். கோபிக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் தங்கையைக் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை விவசாயி. வாய்க்கால் தண்ணி, நெல், மஞ்சள், அதற்கு மேல் ஆசை கிடையாது. அவர் எதிரில் உட்கார்ந்து பாஸ்புத்தகத்தை விரித்தேன். ஏஜெண்ட் எனக்குச் சொன்னதையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன், கைவீச்சு முதற்கொண்டு. சந்தை எங்கே என்று அவரும் கேட்டார். “எக்ஸ்போர்ட்டு மாப்ளே” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “எனக்கு இதெல்லாம் வெளங்கலீங்க மச்சான். ஆனா நீங்களே போட்டிருக்கீங்க. கணக்கு எழுதற மனுசன். அப்பறம் என்ன?”

மறு மாதமே நிலத்துப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி ஒன்றரை லட்சம் கட்டினார்.

2012 ஆகஸ்டில் கொங்கு நாட்டு ஈமு சாம்ராஜ்யம் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தியது. அலுவலகத்தில் பூட்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் புகார் மனுவோடு வரிசை. தீவனம் வருவது நின்றது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே கால்நடைத் துறை மூலம் தீனி போட வேண்டியதாயிற்று. ஈமு வளர்த்தவனுக்குத் தீனி போட எந்தத் துறையும் இல்லை. எனக்கு எட்டு மாதம் கூலி வந்திருந்தது, நட்டம் 1,02,000. மாப்பிள்ளைக்கு மூன்று மாதம்தான். நட்டம் 1,32,000.

அன்றைக்கு ராத்திரிதான், எல்லாம் முடிந்த பிறகு, கணக்குப்பிள்ளைக்கு மை ஊறியது. ஒரு வெள்ளைத் தாளில் அந்தக் கம்பெனியின் பேரேட்டை நானே எழுதிப் பார்த்தேன். செலவுப் பக்கம்: எனக்கு மாதம் ஆறாயிரம், தீவனம், விளம்பரம், ஏஜெண்ட் கமிஷன். வரவுப் பக்கத்தில் எண்ணெய் விற்ற காசு, தோல் விற்ற காசு இருந்திருக்க வேண்டும். யாருக்கு விற்றார்கள்? நான் வளர்க்கும் பறவை முட்டை போடும், கம்பெனி எடுத்துக் குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சை அடுத்த ஆளுக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கொடுக்கும். மனைவி கேட்ட சந்தை அதுதான். ஈமுவுக்குச் சந்தையாக இருந்தது நானும், எனக்குப் பின்னால் மாப்பிள்ளையும், அவருக்குப் பின்னால் இன்னொருத்தரும். புதிதாக ஒருத்தர் கட்டிய பணத்தில்தான் எனக்கு ஆறாயிரம் வந்தது. ஜனங்களிடம் வாங்கிய வைப்புத்தொகை லாபம் இல்லை, கடன் என்று முப்பத்திரண்டு வருஷம் முதலாளிக்குப் பாடம் சொன்னவன் நான்!

இந்த வித்தைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் சார்லஸ் பான்சி என்று பிறகு படித்தேன். 1920-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். அவர் போட்ட வேஷம் தபால். ஒரு நாட்டில் மலிவாக அஞ்சல் பதில் கூப்பன் வாங்கி இன்னொரு நாட்டில் தபால் தலையாக மாற்றினால் லாபம் என்று கதை. ஜனம் தெருவை அடைத்து நின்றது. கிளாரன்ஸ் பாரன் என்ற பத்திரிகையாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பான்சி வாங்கியிருக்கும் பணத்துக்கு 16 கோடி கூப்பன் தேவை. உலகத்தில் புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27 ஆயிரம். பான்சி தன் சொந்தப் பணத்தைத் தன் திட்டத்தில் போடவில்லை என்பதையும் பாரன் எடுத்துச் சொன்னார். படித்துவிட்டு நான் நோட்டை மூடிவைத்தேன். பாஸ்டனில் ஒரு பெரிய நிதிப் பத்திரிகையாளர் கேட்ட கேள்வியைத்தான் என் வீட்டில் காபித் தட்டோடு ஒருத்தி கேட்டாள். அவளுக்கு இன்றுவரை பான்சி யாரென்று தெரியாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு மனுசன் திருந்துவான் என்றுதானே நினைக்கிறீர்கள்? விட்ட பணத்தைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி ஒன்று இருக்கிறது. சீட்டாட்டக்காரனுக்கும் குடும்பஸ்தனுக்கும் அதில் பேதம் கிடையாது. 2013-ல் நாலாவது தடவை அது ஆரோக்கியமாக வந்தது. மூலிகைச் சாறு, பாட்டில் 1,200 ரூபாய். சர்க்கரை, மூட்டுவலி, முடி உதிர்வு எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். அது வியாபாரமும் இல்லையாம், “நண்பர்களோட ஆரோக்கியத்துல அக்கறை”. ஆறு பேரிடம் அக்கறை காட்டினால் போதும். அந்த ஆறு பேர் ஆளுக்கு ஆறு பேரிடம் காட்டுவார்கள். பிறகு நான் கால்மேல் கால் போட்டு உட்காரலாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனேன். ஒருத்தர் மேடையில் ஏறி அழுதார், இன்னொருத்தர் கார் சாவியைக் காட்டினார், எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். நான் எழுந்து, “இந்தச் சாற்றைக் கடையில் வைத்து ஏன் விற்கக் கூடாது?” என்று கேட்டேன். “சார், நெகட்டிவ் எண்ணம்தான் ஏழ்மைக்குக் காரணம்” என்றார்கள். கேள்வி கேட்டவனே குற்றவாளி ஆகிவிட்டேன். மன்னிப்புக் கேட்கும் தோரணையில் பன்னிரண்டு பாட்டில் வாங்கி வந்தேன்.

அந்த ராத்திரி, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெருக்கல் போட்டாள். முதல் படியில் 6 பேர், அடுத்து 36, அடுத்து 216.

“பத்தாவது படி வரைக்கும் கூட்டினா 7,25,59,410 பேருங்கப்பா. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டு மொத்த ஜனத்தொகை 7,21,47,030. கைக்கொழந்தைகூட ஆளுக்கொரு பாட்டில் வாங்கினாலும் நாலு லட்சம் பேர் கொறையறாங்க.”

“புதுச்சேரி பக்கத்துலதானே கண்ணு இருக்குது” என்றேன்.

“பதிமூணாவது படிக்கு மட்டுமே 1,306 கோடி பேர் வேணும். உலகத்துலயே அத்தனை பேர் இல்ல. அதைக்கூட விடுங்கப்பா. எந்தப் படியில நின்னாலும் சேர்ந்தவங்கள்ல ஆறுல அஞ்சு பேர் கடைசிப் படியிலதான் நிப்பாங்க. அவங்களுக்குக் கீழ ஆளே கெடையாது. காசு குடுத்ததோட சரி.”

காலண்டர் தாளின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் ராசிக்கு ‘லாபம்’ என்று போட்டிருந்தது. இப்படி ஆள் சேர்த்துப் பணம் சுற்றவிடும் திட்டங்களை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது 1978-ல். நான் டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். தடை செய்யப்பட்ட காரியத்தை முப்பத்தைந்து வருஷம் காத்திருந்து கழுத்துப்பட்டையோடு போய்ச் செய்திருக்கிறேன். பன்னிரண்டு பாட்டிலையும் குடித்துத் தீர்த்தது நான்தான். 14,400 ரூபாய்க்கு வயிற்றுப்போக்கு.

2014-ல் ‘சதுரங்க வேட்டை’ படம் வந்தது. மண்ணுளிப் பாம்பு, ஆள் சேர்க்கும் வியாபாரம், அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம் என்று ஏமாற்று வித்தைகளை வரிசையாகக் காட்டுகிற படம். தியேட்டரே சிரித்தது. என் வரிசையில் ஒரு இருக்கை மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் மனைவி கேட்டாள்: “பாம்பும் கலசமும் நம்மகிட்ட வரவே இல்லீங்களா?” கலசக்காரர் ஒருத்தர் ஒரு டீக்கடையில் என்னைச் சந்தித்து நேரம் குறித்ததும், அன்றைக்குப் பார்த்துப் பஸ் ஸ்டிரைக் வந்ததும் அவளுக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையைப் படித்தால் தெரிந்துகொள்வாள். தொழிற்சங்கங்களுக்கு என் நன்றி.

ஐந்தாவது தடவை அது உத்தியோகமாக வந்தது. 2023, நான் ஓய்வு பெற்று வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த காலம். போனில் ஒரு செய்தி: வீட்டிலிருந்தபடியே வேலை, யூடியூப் வீடியோவுக்கு விருப்பக்குறி போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று போட்டேன். உடனே கணக்கில் 150 ரூபாய் விழுந்தது! அறுபதை நெருங்குகிறவனுக்குச் சம்பாத்தியம் என்றால் என்ன சுகம் என்பது மாதக் கடைசியில் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புரியாது. தனியார் கடைக் கணக்குப்பிள்ளைக்குப் பென்ஷன் ஏது? பிறகு டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்த்தார்கள். ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முன்னூறு வரும் ‘பணி’. வந்தது. ஐயாயிரம் கட்டும் ‘பணி’. திரையில் என் பெயருக்கு நேரே நாற்பத்தெட்டாயிரம் என்று காட்டியது. எடுக்கப் போனால் முதலில் பன்னிரண்டாயிரம் வரி கட்டச் சொன்னார்கள். குழுவில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும், “நான் கட்டினேன், வந்துவிட்டது, நன்றி மேடம்” என்று ஒரே மாதிரி எழுத்துப்பிழையோடு எழுதினார்கள். அந்த எழுத்துப்பிழைதான் என்னைக் காப்பாற்றியது. நூறு பேருக்கு ஒரே வாத்தியார் இருக்க முடியாது; ஒரே ஆள் நூறு பெயரில் இருக்க முடியும். மகள் என் கையிலிருந்து போனை வாங்கி 1930-க்குப் போட்டாள். இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. நான் மூன்று நாள் வெட்கப்பட்டுவிட்டுச் சொன்னதால் மடக்க ஒன்றும் மிச்சம் இல்லை. நிகர நட்டம் 4,550. நோட்டில் ஏறியது.

இத்தனை செலவழித்துப் படித்த படிப்பை வீணாக்கக் கூடாது. கட்டணம் நான் கட்டியாகிவிட்டது, நீங்கள் இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மனைவியின் கேள்வி. பொருளை உண்மையிலேயே வாங்குவது யார்? திட்டத்தில் சேராத ஒருத்தன், தனக்குத் தேவை என்று, கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்குகிறானா? சேருகிறவன் மட்டும்தான் வாங்குகிறான் என்றால் அங்கே பொருள் நீங்கள்தான்.

இரண்டாவது, பெருக்கல். மாதம் 10 சதவீதம் நிச்சயம் என்று ஒருத்தர் சொன்னால் தாளை எடுங்கள். அந்த வேகத்தில் ஒரு லட்சம் ரூபாய் வட்டிக்கு வட்டியோடு பத்து வருஷத்தில் சுமார் 927 கோடி ஆகும். அந்த வித்தை கைவசம் உள்ளவர் நம் வீட்டு ஃபேன் காற்றில் வேர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு நம்மிடம் ஒரு லட்சம் கேட்பாரா? யோக்கியமான வட்டிக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம் என்று வரும். ஏழு சதவீதத்துக்குப் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். வயலில் நெல் விளைய மூன்று நாலு மாதம் ஆவது போல இதுவும் ஆகிற காலத்தில்தான் ஆகும்.

மூன்றாவது, பெயர். டெபாசிட்டை டெபாசிட் என்று சொல்ல எதற்குக் கூச்சம்? முன்பணம், உறுப்பினர் கட்டணம், ஒப்பந்தப் பண்ணையம், பணி என்று பெயர் மாற மாற, சட்டத்தின் கண்ணில் படாமல் நடக்கப் பழகுகிறார்கள் என்று அர்த்தம். டெபாசிட் வாங்க யாருக்கு அனுமதி உண்டு என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சச்சேத்’ இணையதளத்தில் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்ய 2019-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. என் மனைவி போடுகிற சீட்டுகூட 1982 சட்டப்படி பதிவான சீட்டு. பதிவு எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறாள். நான் என் ஐந்து படிப்பில் ஒன்றுக்கும் பதிவு எண் கேட்டதில்லை.

நாலாவது, “வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், நாளையோடு கடைசி” என்ற இரண்டு வாக்கியமும் சேர்ந்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல வரனுக்குக்கூட இரண்டு நாள் அவகாசம் தருகிறார்கள்.

ஐந்தாவதைத்தான் நான் கடைசியில் கற்றுக்கொண்டேன். நோட்டில் அந்த 1,59,950-க்கு அடுத்த பக்கத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதை நான் கவனித்ததே இல்லை. ‘கோபி அண்ணனுக்கு’ என்று தலைப்பு. கீழே 2013 முதல் 2018 வரை இருபதாயிரம், பதினையாயிரம், முப்பதாயிரம் என்று தேதி வாரியாகப் போகிறது. மொத்தம் 1,32,000. தன் சீட்டுப் பணத்தை எடுத்து எடுத்துக் கொண்டுபோய் அவள் என் மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறாள். அவர் வேண்டாம் என்றாராம். “உங்க மச்சான் மொகத்தைப் பாத்துத்தானுங்கண்ணா போட்டீங்க. மொகத்துக்கு ஒரு வெலை இருக்குதில்லீங்களா?” என்றாளாம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மரம், விபூதி, கோழி, பாட்டில், வேலை என்று ஐந்து வேஷம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவதை விட்டுவிட்டேன். கோபிக்குப் பஸ் ஏறிய அன்று அந்தத் திட்டம் போட்டுக்கொண்டு போனது என் முகத்தை. மாப்பிள்ளை ஈமுவை நம்பவில்லை, கம்பெனியை நம்பவில்லை. கணக்கு எழுதுகிற மச்சானை நம்பினார். நான் பொய் சொல்லவும் இல்லை. எனக்குப் பணம் வந்தது, வந்ததைக் காட்டினேன். உண்மை பேசுகிற ஆளாகத் தேடித்தான் ஆரம்பத்தில் பணம் கொடுத்துவைக்கிறார்கள்.

இப்போதும் பண்டிகைக்குக் கோபி போனால், வாசலில் மாப்பிள்ளை என் கைப்பையைப் பார்த்துச் சிரிப்பார். “பைக்குள்ள என்னங்க மச்சான், கோழி கீழி இல்லியே?” முறுக்கு இருக்கிறது என்று திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லா வீட்டு வாசலிலும் அப்படி ஒருத்தர் நிற்க வேண்டும்.

ஆகவே வாசகர்களே, வருகிறவர் அந்நியர் என்றால் நீங்களே சுதாரித்துக்கொள்வீர்கள். சித்தப்பா, சிநேகிதன், பழைய வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர், தனக்கு வந்த பணத்தைக் காட்டி நல்ல மனசோடு சொல்கிறவர், இவர்களிடம்தான் தாளும் பேனாவும் தேவை. எழுதியவன் மேல் உள்ள மதிப்பில் இந்தக் கட்டுரையைக்கூட நம்பிவிட வேண்டாம், பெருக்கிப் பாருங்கள். நாளைக்கு நானே ஒரு பையோடு உங்கள் வீட்டுக்கு வந்து, “இது அந்த மாதிரி இல்லீங்க” என்று ஆரம்பித்தால், காபி கொடுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.